பின் சீட்டில் கேட்ட சத்தம்

டயர் மாற்றத்தான் வேனைக் கொண்டுவந்திருந்தார் அவர். மாற்றி முடித்ததும் மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். முன் சீட்டில் ஸ்பானர் பெட்டி இருந்ததால் வேன்காரர் பின்னால் ஏறிக்கொண்டார். வண்டி அறுபதைத் தொட்டதும் அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பி, உள்ளங்கால் வரை அதிர்ந்தது.

"வலது பின்சக்கர பேரிங் போயிடுச்சு சார். கேக்குதா?"

"கேக்குது. எத்தனை நாளா இருக்கும்?"

"எட்டு மாசமாவது ஆகியிருக்கும். முன்னாடி ஓட்டுறவருக்குத் தெரியாது. பின்னாடி உக்கார்றவங்களுக்கு மண்டையே வெடிச்சிருக்குமே, யாரும் சொல்லலையா?"

அவர் குனிந்து, அதிரும் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

பேரிங் மாற்றியதும் வேன் சத்தமே இல்லாமல் ஓடியது. நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

மனநல வார்டின் பார்வையாளர் அறைக்கு அவர் மனைவியை அழைத்து வந்தாள் நர்ஸ். எப்போதும் கைக்குழந்தையோடு வேனின் பின் சீட்டில் வந்துகொண்டிருந்தவள். "வண்டி முனகுதுங்க, உடம்பெல்லாம் அதிருதுங்க" என்று மாதக்கணக்கில் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் வேனில் ஏறவே மாட்டேன் என்று அழுது அடம்பிடித்தாள். இல்லாத சத்தம் கேட்கிறது என்று டாக்டரிடம் சொல்லி அவளை இங்கே சேர்த்தவர் அவர்தான். மூன்று மாதமாகிறது.

"நீ சொன்னது நெஜம்தாம்மா. சத்தம் இருந்துச்சு. இன்னிக்கு நானே கேட்டேன்" என்றார்.

அவள் திடுக்கிட்டு நர்ஸைப் பார்த்தாள். பிறகு சிரித்த முகத்தோடு, நர்ஸுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எனக்கு எந்தச் சத்தமும் கேக்கலைங்க. கேக்கவே இல்ல. இனிமே சொல்லவே மாட்டேன், என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."