தட்டைத் திரை

"இந்த வண்டியைக் கொண்டுவந்து வழியில நிறுத்தின புண்ணியவான் யாரு?"

முழங்காலைத் தடவிக்கொண்டே முழங்கினார் தலைமை அறுவை மருத்துவர். அறுவை அரங்கில் இருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஊழியர்கள் அவருக்கு இட்டிருந்த பெயர் பீரங்கி.

"அது காலையிலேர்ந்து அங்கேயேதான் நிக்குது, அண்ணா," என்றாள் மயக்க மருத்துவரான அவர் தங்கை. "போன வாரம் வாசல் கேட் தூண் ஓடி வந்து உங்க காரை இடிச்சுதே, அந்த மாதிரி இதுவும் ஓடி வந்துடுச்சோ என்னவோ."

இளைய அறுவை மருத்துவன் முகக்கவசத்துக்குள்ளேயே சிரிப்பை விழுங்கினான்.

வண்டியின்மேல் வீற்றிருந்தது புதுத் திரை. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் நுழைத்துச் செய்யும் அறுவைக்கென வந்தது. பீரங்கி கையெழுத்திட்டால் இங்கேயே தங்கும். மறுத்தால் மாலைக்குள் திரும்பிப் போகும். ஏற்கெனவே இருமுறை போயிருக்கிறது. முதல்முறை, வயர் நீளம் போதாது என்றார். மறுமுறை, பொத்தான்களின் நிறம் பிடிக்கவில்லை என்றார்.

திரையை விற்க வந்திருந்த கம்பெனிக்காரர் பொறுமையைத் திரட்டிக்கொண்டு தொடங்கினார்.

"சார், பழைய திரையில ஒரே படம். ஃபோட்டோ மாதிரி தட்டையாத் தெரியும். இதுல வலக்கண்ணுக்கு ஒரு படம், இடக்கண்ணுக்கு ஒரு படம். இந்தக் கண்ணாடியைப் போட்டா ரெண்டும் சேர்ந்து ஆழம் தெரியும். எது முன்னாடி எது பின்னாடின்னு தடவிப் பார்க்கவே வேண்டாம்."

"தட்டைத் திரையிலதான் இருபது வருஷமாப் பித்தப்பை எடுக்குறேன். என் கை தடவினதை நீங்க எங்க பார்த்தீங்க?"

"ஒரே ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன்," என்றாள் தங்கை. "ஒவ்வொரு ஆபரேஷன்லயும் பத்து நிமிஷம் மிச்சமானா, அந்தப் பத்து நிமிஷம் நான் ஒரு உயிரை மயக்கத்துல பிடிச்சு வச்சிருக்க வேண்டாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்."

மேசைமேல் பயிற்சிப் பெட்டி. அதனுள்ளே பத்து முளைகள். நீண்ட இடுக்கிகளை உள்ளே விட்டு, திரையை மட்டுமே பார்த்தபடி, ரப்பர் வளையங்களை அவற்றில் மாட்டவேண்டும். பழைய திரையில் இளையவனுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. இரண்டு வளையங்கள் நழுவின. பீரங்கிக்கு மூன்றே நிமிடம். இடுக்கி ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

"பாத்தியா?" என்று தங்கையை நோக்கிப் புருவத்தை உயர்த்தினார்.

அடுத்துப் புதுத் திரை. படம் துலங்குவதற்காக விளக்குகளை அணைத்தார்கள். கம்பெனிக்காரரின் கண்ணாடியை இரவல் வாங்கி அணிந்துகொண்ட இளையவன், இரண்டரை நிமிடத்தில் முடித்துவிட்டுத் துள்ளினான்.

"சார், நம்ம கையையே உள்ள விட்டு எடுக்குற மாதிரி இருக்கு சார்!"

"வாயை மூடிட்டுத் தள்ளி நில்லு."

பீரங்கி தமக்கென ஒரு புதுப் பாக்கெட்டைப் பிய்த்துக் கண்ணாடியை மாட்டினார்.

"ஒண்ணுமே தெரியலையே! இதுதான் உங்க திரையோட லட்சணமா?"

"கீறல் விழாம இருக்கக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, சார். உரிச்சுடுங்க."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? வாய் வலிக்குதா?"

இருளில் சர்ரென்று தாள் உரியும் ஓசை கேட்டது.

"ம்... இப்பத் தெரியுது."

எல்லோர் பார்வையும் திரையில் நிலைத்தது. வளையங்கள் ஒவ்வொன்றாக முளை ஏறின. கை தன் வேலையைச் செய்ய, வாயும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"வளையம் மூக்குமேலேயே வந்து இடிக்குது! ஆழம் ஆழம்னு பாதாளத்தையே கொண்டாந்து மூஞ்சியில வச்சா மனுஷன் எப்படி வேலை செய்யறது? தலை கிறுகிறுங்குது!"

"மூணு நிமிஷம், சார்," என்றார் கம்பெனிக்காரர் தயக்கத்துடன். "எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எல்லாருக்கும் நேரம் குறையும். உங்களுக்கு மட்டும் ஒரு வினாடிகூடக் குறையல."

"அப்போ கோளாறு உங்க திரையிலதான். எடுத்துட்டுப் போங்க." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வீசினார்.

தங்கையின் பொறுமை அறுந்தது.

"சின்ன வயசுலேர்ந்து இதே கதைதான்! புதுச் சட்டைன்னா அரிக்கும், புதுச் செருப்புன்னா கடிக்கும். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடுங்க. இப்படி நொண்டிச்சாக்கு சொல்லி எங்க பிராணனை வாங்காதீங்க!"

உடன்பிறந்தோர் சண்டைக்கு நடுவில் நிற்க விரும்பாத மற்ற இருவரும் ஓசைப்படாமல் வெளியேறினர்.

அவள் விடுவிடென்று போய் விளக்கைப் போட்டாள். கையெழுத்தில்லாத படிவத்தை ஒரு கையில் எடுத்தாள். பாக்கெட்டுக்குள் திரும்ப வைப்பதற்காகக் கண்ணாடியை மறுகையில் எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது.

வலப்பக்க வில்லை பளிங்காய்த் தெளிந்திருந்தது. இடப்பக்கத்தில் கறுப்பு ஸ்டிக்கர், ஓரம்கூடப் பெயராமல், ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

அவள் சினம் போன இடம் தெரியவில்லை.

"அண்ணா... எத்தனை வருஷமா?"

பீரங்கி முதன்முறையாகத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஒம்பது வருஷம். அந்தத் தட்டைத் திரைக்கு முன்னாடி எல்லாருக்குமே ஒரு கண்ணுதாம்மா."