என்னைக் கூப்பிடாத எச்சரிக்கை

2041 மார்ச் 12, செவ்வாய்.

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். என்னோடு வேலை செய்யும் செண்பகாவுக்கு வந்த எச்சரிக்கையை நான் எடுத்துவிட்டேன்.

எங்கள் கரூர் போர்வைக் கடையின் இணையதளத்துக்குக் கூரியர் கட்டணம் சொல்லும் சேவைகளை ஒரு மென்பொருள் கண்காணிக்கிறது. ஏதாவது ஒரு சேவை நின்றால் வாங்க வந்தவர்கள் பாதியில் போய்விடுவார்கள். அப்போது யாரைக் கூப்பிடுவது என்பதையும் அதுவே முடிவு செய்யும். நான்கு மாதமாகச் செண்பகாவைத்தான் கூப்பிடுகிறது. என்னை ஒருமுறைகூட இல்லை. மாலைக் கணினி வகுப்பில் நாங்கள் ஒரே பெஞ்சு. அவளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

மதியம் அவள் சாப்பிடப் போனபோது மேசையில் அவள் போன் அதிர்ந்தது. மதுரைக்கான கட்டணச் சேவை நின்றிருந்தது. மாற்றுச் சேவைக்கு மாற்றி, மூன்று முறை சரிபார்த்தேன். இனி என்னையும் கூப்பிடும் என்று நம்பினேன்.

செண்பகா திரும்பியதும் அந்த மென்பொருள் மறுபடி அழைத்தது. "வேற யாரோ சரிபண்ணின மாதிரி இருக்கு. உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன், சோறு திங்கப் போனேன்," என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எங்கம்மாகூட இப்படிக் கேக்காதுடி. ஆமா, யாரு செஞ்சது?"

"தெரியலயே," என்றேன். இது இரண்டாவது தவறு.

போன வாரம் மூன்று நாள் காய்ச்சலோடு வேலைக்கு வந்தேன். மென்பொருள் ஒன்றும் கேட்கவில்லை. செண்பகாதான் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தாள்.

நாளை: வேலை தொடங்குவதற்கு முன், போனை எடுத்தது நான்தான் என்று செண்பகாவிடம் சொல்ல வேண்டும்.