ஆணியை விட்ட கிளாம்பு

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் பாடகர் குழு ஸ்தெல்லா அக்கா. போன தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்து இருவரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

சவரிநாதன் தன் வீட்டுக் கொட்டகையில் சின்ன மாதா படம் ஒன்றுக்குச் சட்டம் செய்துகொண்டிருந்தார். மூலைகளைச் சாய்வாக அறுக்க ஒரு வாள் மெஷின் இருந்தது. மரத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்பும் இருந்தது. ஆனால் அது எப்போதும் பக்கத்துச் சுவரில், ஆணியில்தான் தொங்கும். "இதைத் திருகி மாட்டுற நேரத்துல ரெண்டு துண்டு அறுத்துடலாம்" என்பார்.

கடைசித் துண்டு நாலு விரல் நீளம்தான். அதைக் கையால் அழுத்திப் பிடித்து, சிலுவை போட்டுக்கொண்டார். ஆணியில் தொங்கிய கிளாம்பு வாளைக் கூப்பிட்டது.

"வாளண்ணே, அவர் பெருவிரல் உங்களுக்கு நேர் கீழே இருக்கு."

"எனக்குக் கண்ணு கிடையாது தம்பி. தேக்கா விரலான்னு விசாரிக்கிற பழக்கமும் இல்லை," என்றது வாள். "நீ வேணும்னா தொங்கிக்கிட்டே ஜெபம் பண்ணு."

கிளாம்பு ஜெபம் பண்ணியது. பிறகு ஆணியை விட்டது.

நேராக அவர் கால்மேல் விழுந்தது. சவரிநாதன் மரத்தைப் போட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே கிளாம்பை எடுத்து, அதன் பரம்பரையையே திட்டினார். எடுத்தது எடுத்தாயிற்று என்று மரத்தில் மாட்டி இறுக்கினார். துண்டு சுத்தமாக அறுந்தது.

"இன்னும் திட்டுறார்ப்பா," என்றது வாள்.

"திட்டட்டும்ணே. விரலை நீட்டி நீட்டித்தானே திட்டுறார்."

படம் இப்போது சுவரில் இருக்கிறது. சவரிநாதனின் கால்நகம்தான் இன்னும் முளைக்கவில்லை. அதற்காக ஒரு அருள்நிறை மரியே சொல்லிவிடுங்கள்.