முன்னால் நின்ற முகவரி

இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் மீசையை மழித்துவிடுங்கள்! குமுதவல்லியின் கணினியில், ஒரே மெயில் பெட்டிக்குள் ஆபீஸ் முகவரியும் வீட்டு முகவரியும் குடியிருந்தன. அனுப்பும் முகவரியை அவள் மாற்றாவிட்டால் எல்லா மெயிலும் ஆபீஸ் முகவரியின் பெயரில்தான் போகும். அதில் ஆபீஸ் முகவரி என்ற அந்த மகாராணிக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒருநாள் குமுதவல்லி வேறு கம்பெனிக்கு வேலை கேட்டு எழுதினாள். அனுப்பும் முகவரியை மாற்ற மறந்துவிட்டாள்.

"அக்கா, இது என் பெயரில் போகவேண்டியது! அவள் வேலைக்கு உலை வைக்காதே!" என்று பதறியது வீட்டு முகவரி.

"சேலைத் தள்ளுபடி விளம்பரம் வாங்கிப் போடுகிறவளுக்குப் பொறாமையைப் பார்!" என்று மகாராணி மெயிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனாள்.

ஆபீஸ் மெயில்களை நோட்டம் விடும் மேனேஜர் கண்ணில் அது பட்டது. மறுநாளே குமுதவல்லிக்கு வேலை போனது, ஆபீஸ் முகவரியையும் அழித்துவிட்டார்கள். அடுத்த வாரம் புதுக் கம்பெனி, "உடனே வந்து சேருங்கள்" என்று ஆசையாகப் பதில் போட்டது, உயிரோடு இல்லாத அந்த மகாராணிக்கு.

குமுதவல்லிக்கு இது இன்றுவரை தெரியாது. யாராவது போய்ச் சொல்லுங்கள். சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள்.