கோடு போட்டவர்

மூட்டு வலி என்றார் எர்மெக். நாளைக்கு ஆசிஸ் முன்னால் போகட்டும் என்றார்.

சொல்லிவிட்டு லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. மூட்டில் ஒரு வலியும் இல்லை.

பிஷ்கெக் நகரத்தில் மலையேறும் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. எர்மெக்கின் கூட்டத்துக்குப் பாதை இருக்கிற மலை ஆகாது. பெயரே இல்லாத சிகரமாகத் தேடிப் பிடித்து, சாட்டிலைட் படத்தின்மேல் தாங்களே ஒரு கோடு போட்டு, அதன்படி ஏறினால்தான் அவர்களுக்கு ஏறிய மாதிரி.

கட்டுப்பாடு ஒன்றே ஒன்று. கோடு போட்டவர்தான் முன்னால் நடக்க வேண்டும். தப்பிருந்தால் முதலில் அவருக்கே அடிபடட்டும்.

நாளைய கோடு எர்மெக் போட்டது. இருந்தாலும் வயதானவர், மூட்டு வேறு வலிக்கிறது என்று எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். முதல்முறையாக முன்னால் நடக்கப்போகிற ஆசிஸுக்குத் தலைகால் புரியவில்லை.

அவனுடைய அண்ணன் தலாய் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தான். போன ஆகஸ்டில் அவன் முன்னால் நடந்த கோடு ஒரு பாறை விளிம்பில் போய் முடிந்தது. விழுந்தவன் இடுப்பில் கம்பியோடு வீடு திரும்பினான். இப்போது கூட்டத்தில் அவனுக்கு மிச்சமிருக்கிற வேலை இந்தக் கெட்டில்தான்.

தலாய் போட்ட கோட்டைப் பார்த்தால் மலையாடுகூட வந்த வழியே திரும்பிவிடும் என்று ஒருவன் எடுத்துவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். தலாயும் சிரித்தான்.

எர்மெக் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

கயிறுகளைச் சரிபார்க்க எல்லோரும் முற்றத்துக்குப் போனார்கள். அறையில் எர்மெக்கும் தலாயும் மட்டும்.

போன ஆகஸ்டில் போட்ட அந்தக் கோடு என்னுடையதுதான் என்று இன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றார் எர்மெக். அன்றும் இதே மூட்டு வலிதான். மற்றவர்கள் வந்து சேருமுன் ஜிபிஎஸ் கருவியைத் தலாய் கையில் கொடுத்து, நீ முன்னால் போ என்றிருந்தார். முன்னால் நடந்தவன் அவன் என்பதால் கோடும் அவனுடையது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில்கூடக் கோடு யாருடையது என்று தலாய் வாயைத் திறக்கவில்லை. அது அவனுடைய பெருந்தன்மை என்று எர்மெக் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாக இருந்தது. ஆனாலும் அவன் நொண்டி நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் கூனிக் குறுகிப் போவார்.

தலாய் மேசைக்கு வந்தான். கெட்டிலைக் கீழே வைத்தான். லேப்டாப் திரையில் நாளைய கோடு கடந்துபோகிற கறுப்புத் திட்டு ஒன்றின்மேல் விரலை வைத்தான்.

"பைகே, இது நிழல் இல்ல. செங்குத்தா எறங்குற பாறை. அன்னைக்கும் இப்படித்தான் கறுப்பா இருந்துச்சு."

வயதில் மூத்தவரை அழைக்கும் 'பைகே' என்ற சொல்லை வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். மூத்தவர்களிடம் அவன் குரல் என்றுமே உயர்ந்ததில்லை.

அன்றைக்கே தெரியுமா என்று எர்மெக் கேட்டார். 

"கருவிய நீங்க கையில குடுத்தப்பவே பாத்துட்டேன். பெரியவர் போட்டதை எப்படித் தப்புன்னு சொல்றதுன்னு விட்டுட்டேன். கிட்டப் போய்ப் பாத்துக்கலாம்னு நெனைச்சேன், மூடுபனி வந்துடுச்சு."

அப்படியானால் இப்போது மட்டும் ஏன் சொல்கிறாய் என்று எர்மெக் கேட்கவில்லை. 

தலாய் ஜன்னல் பக்கம் பார்த்தான். முற்றத்தில் ஆசிஸ் இடுப்புவாரை மாட்டிக்கொண்டு யாரிடமோ போட்டோ எடுக்கச் சொல்லி நின்றுகொண்டிருந்தான்.

"என் உசுருன்னா இப்பவும் வாயத் திறந்திருக்க மாட்டேன் பைகே."