ஒழுகுன பைப்பும் சுத்துன டியூப்பும்

ஒரு பழைய காருல, கியர்பாக்ஸ் ஆயிலை ஆறவைக்கக் கொண்டுபோற ரப்பர் பைப்பு வெடிப்பு விட்டு ஒழுகுச்சு. ஓனரு சைக்கிள் டியூப்பைக் கிழிச்சு அது மேல இறுக்கிச் சுத்திவிட்டாரு.

"கவலைய விடு மாப்ள. காத்தையே வெளிய விடாம வெச்சிருந்தவன் நானு, ஆயிலு எம்மாத்திரம்?"னு பைப்புகிட்டச் சொல்லுச்சு டியூப்பு.

கியர்பாக்ஸ் திட்டுச்சு: "அடேய், ஆயிலு சூடானா நீ இளகிருவ. ஆயிலு தீந்தா நான் கருகிருவேன். புதுப் பைப்பு மாத்தட்டும்டா."

"மாத்துனா என்னையத் தூக்கிப் போட்ருவாங்க. நீ கம்முனு ஓடுண்ணே"னுச்சு பைப்பு.

மேடு ஏறுறப்ப டியூப்பு இளகி, ஆயிலு ரோடெல்லாம் ஊத்திருச்சு. கியர்பாக்ஸ் கருகுறதுக்குள்ள ஓனரு வண்டிய நிறுத்திட்டாரு. மெக்கானிக்கு வந்து பைப்பையும் டியூப்பையும் சேத்து அறுத்துக் குப்பையில வீசிட்டு, புதுப் பைப்பு போட்டாரு.

குப்பையில கெடந்துக்கிட்டு டியூப்பு சொல்லுச்சு: "இப்பப் பாரு மாப்ள, ஒரு சொட்டு ஒழுகுதா?"