சிவப்புக் கட்டு

"மறுபடியும் சிவப்புக் கட்டா, சார்?"

"விட்டதைப் பிடிக்க வேண்டாமா?" என்றார் பெயிண்ட் கடைக்காரர்.

மேசையில் இரண்டு சீட்டுக் கட்டுகள். நீலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளி சேரும். சிவப்பில் ஒரேயடியாக வரும்; அதைவிட வேகமாகப் போகும். சோதனை வைத்த பெண் இதைச் சொல்லவில்லை. ஆடுபவரே கண்டுபிடிக்க வேண்டும்.

அவர் சிவப்பை எடுத்தார். இருந்த புள்ளியும் போனது.

"பிடிச்சாச்சா?" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி.

"நீ சும்மா இரு. அடுத்தது வரும் பாரு."

"போன மாசம் ஊதா பெயிண்ட் வாங்கினப்பவும் இதையேதான் சொன்னீங்க. தள்ளுபடின்னு குடோன் நிறைய இறக்கியாச்சு. ஊதா வீட்டுக்கு யாரு குடி போவா?"

"இனிமே ஊதாதான் ஓடும். எழுதி வெச்சுக்கோ."

பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்மடலில், சின்னக் கட்டி. எடுத்தாகிவிட்டது. பேச்சு, நடை, ஞாபகம் எல்லாம் சரி. கல்லாவில் மறுபடி உட்காரலாமா என்பதுதான் கேள்வி. சேர்ந்து வளர்த்த கடை; ஒரு தப்பான முடிவு போதும், மூழ்கிவிடும்.

"அந்த இடத்துல கோளாறுன்னா என்னம்மா ஆகும்?" மனைவி கேட்டாள்.

"நஷ்டம்னு தெரியும். ஆனாலும் கை அங்கேயே போகும்."

கடைக்காரரின் கை சிவப்புக்குப் போனது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

சீட்டு தீர்ந்தது. புள்ளி அதற்கு முன்பே தீர்ந்திருந்தது.

"இன்னும் ரெண்டு சீட்டு இருந்திருந்தா அள்ளியிருப்பேன்" என்றார்.

டாக்டர் வந்தார். முடிவைப் பார்த்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

"சார், இனிமே கல்லா அம்மாகிட்டயே இருக்கட்டும்."

"ஏன் டாக்டர், எனக்கு என்ன கோளாறு?"

"ஒண்ணுமில்லையே. ஆபரேஷன் ஆனது அம்மாவுக்கு. அவங்க காலையிலேயே இந்தச் சோதனையில தேறிட்டாங்க. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மூளை ஒண்ணு வேணுமேன்னுதான் உங்களை உக்கார வெச்சோம்."